தேங்காய் ஒதுங்குற இடம்

பயப்படாதீங்க சார், தோணி கவுறாது. தட்டிப்போச்சு, அவ்வளவுதான். மணல் திட்டு மேல ஏறி உக்காந்துடுச்சு. ஏன்டா செங்கேணி, கண்ணைப் பொடனியில வச்சுக்கிட்டா தோணி தள்ளுற? என்னது, நேத்து இந்தத் திட்டு இங்க இல்லையா? நல்லாருக்குடா நியாயம். இந்த ஆத்துல எதுதான் நேத்து இருந்த இடத்துல இன்னிக்கி இருக்கு?

எறங்கித் தள்ளலாமான்னு கேக்கறீங்க. வேணாம் சார். பாக்கத்தான் மணலு, காலை வச்சா முட்டி வரைக்கும் சேறு இழுக்கும். நீங்க பேன்ட் போட்டிருக்கீங்க, நான் புது வேட்டி கட்டியிருக்கேன். இன்னிக்கி இந்த வேட்டியில ஒரு சொட்டு சேறு படக்கூடாது. ஏன்னு சொல்றேன். வடகரையில எஞ்சின் வச்ச மீன்பிடி போட்டு ஒண்ணு இருக்கு. நாம தட்டி நிக்கறதைப் பாத்தா கயிறு எடுத்துக்கிட்டு வருவாங்க. அதுவரைக்கும் சும்மா உக்காருங்க. வடகரைப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கற புது வாத்தியார்தானே நீங்க? நல்லதாப் போச்சு. படிச்ச ஆளு ஒருத்தர்கிட்ட நியாயம் கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன்.

என் பேரு தனகோடி. தென்கரை. குறை சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது, எவனை வேணா கேட்டுப் பாருங்க. செங்கேணி, நான் குறை சொல்ற ஆளா? பாத்தீங்களா, பேசாம இருக்கான். பேசாம இருந்தா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்.

இப்ப நாம தட்டி நிக்கிற இந்தத் திட்டு இருக்கே, இது என் மாட்டுக்கொட்டாய். நெசமாத்தான் சொல்றேன். அந்தா, வடகரையில வெள்ளை வெளேர்னு மணல் தெரியுதே, கருவாடு காயப் போட்டிருக்கு பாருங்க, அது என் முன்வாசல், என் சவுக்குத்தோப்பு, என் கொல்லை எல்லாம். தென்கரையில ஒரு மாடி மட்டும் கோணிக்கிட்டு நிக்குதே, அதுதான் என் வீட்ல மிச்சம். ஆறு அங்க அரிச்சு எடுத்துச்சு, இங்க கொஞ்சம் போட்டுச்சு, மீதியை அப்படியே கொண்டுபோய் எதிர்க்கரையில கொட்டிடுச்சு. கொட்டினது யார் வாசல்ல? என் சம்பந்தி கலிவரதன் வாசல்ல. பெத்த பொண்ணையும் குடுத்தேன், நின்ன மண்ணையும் குடுத்தேன். இப்படி ஒரு சீர்வரிசை எந்த ஊர்லயாவது உண்டா சார்?

முதல்ல இருந்து சொல்றேன். கோடையில ஆத்துல தண்ணி இருக்காதுல்ல, அப்ப கடல் சும்மா இருக்காது. அலை அடிச்சு அடிச்சு மண்ணைக் கொண்டாந்து ஆத்து வாயை அடைச்சுடும். அடைச்சா போட்டு கடலுக்குப் போக முடியாது. ஐப்பசி மழை வந்துட்டா ஆத்துத் தண்ணியும் போக வழி இல்லாம ரெண்டு கரையையும் முழுங்கிடும். அதனால மழைக்கு முன்னாடி ரெண்டு குப்பமும் சேந்து மணலை வெட்டி வழி விடுவோம். முகம் வெட்டுறதுன்னு பேரு. ஒரு தரம் தென்கரை முறை, மறு தரம் வடகரை முறை. முறைக்காரனுக்குத் தலையில பரிவட்டம் கட்டி, மேளம் அடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. மொதல் மண்வெட்டி அவன் போட்ட பிறகுதான் மத்தவன் மண்ணைத் தொடலாம்.

எங்க வெட்டுறது? அதை மனுசன் சொல்லக்கூடாது. மொத நாள் பொழுது சாயறதுக்குள்ள முறைக்காரன் நடு ஆத்துல நின்னு, மட்டை உரிக்காத தேங்காய்க்கு மஞ்ச குங்குமம் வச்சு, அம்மனைக் கும்பிட்டு விட்டுடணும். அது மெதந்து போயி எந்தக் கரையில ஒதுங்குதோ, அந்தக் கரை ஓரமாத்தான் காலையில முகம் வெட்டணும். ஒதுங்கினா ஒதுங்கினதுதான், மறுபேச்சு கிடையாது. எங்க பாட்டன் காலத்துல இருந்து அது வடக்கதான் ஒதுங்கும். ஏன்னா இந்த மாசத்துல சோளகம் அடிக்கும். தெக்கேருந்து வீசுற காத்து சார், இப்பவும் அடிக்குது பாருங்க. வடகரை ஓரம் அப்பல்லாம் வெறும் களிமண்ணும் முள்ளுக்காடும்தான். ஆறு எவ்வளவு முட்டினாலும் யாருக்கும் நட்டமில்ல.

என் பொண்ணு அமுதாவுக்குக் கல்யாணம் நிச்சயமான வருசம் எங்க கரை முறை, எனக்கு வந்துச்சு. அப்பத்தான் மாடி வீடு கட்டி முடிச்சிருந்தேன். எங்க ஆளுங்க எல்லாம் உள்ளுக்குத் தள்ளி மேட்டுல குடியிருக்காங்க. ஆத்தை ஒட்டிக் கட்டினது நான் ஒருத்தன்தான். வேணாம்னு சொன்னாங்க. "மேட்டுல கட்டினா மாடி எதுக்குடா, மேடே மாடிதானே"ன்னேன். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மேட்டுக்கே போயிட்டாங்க.

தேங்காய் விடற அன்னிக்கே கலிவரதன் சொந்தபந்தம் எல்லாம் என் மாடியில வந்து உக்காந்திருந்தாங்க. முகம் வெட்டு முடிஞ்சதும் பொண்ணுக்குப் பூ வைக்கறதா ஏற்பாடு. எனக்கு மனசுல ஒரு சின்ன ஆசை. வடக்கால வெட்டினா மாடியில இருந்து பாக்கறவங்களுக்கு நான் எறும்பு மாதிரிதான் தெரிவேன். தலையில பரிவட்டமா துண்டான்னே தெரியாது. தெக்கால வெட்டினா என் மீசை கூடத் தெரியும். ஆசைதான் சார், ஆசைப்படறது தப்பா?

நடு ஆத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு தேங்காயை விட்டேன். கால் கொஞ்சம் வழுக்குச்சு. தேங்காய் நேரா தெக்க திரும்பி என் வீட்டுப் படித்துறையில போய் முட்டிச்சு. என்னடா சிரிக்கிற? சோளகத்துல தேங்காய் எப்படித் தெக்க போகும்னு கேக்கறியா? காத்துக்குக் கால் மொளைச்சுதான்னு கேக்கறியா? அடப் போடா. அம்மன் சித்தம் அது. மாடியில நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்த கலிவரதனே சொன்னான், "அம்மன் சித்தம் சம்பந்தி"ன்னு. அந்த ஆளே சொல்றப்ப உனக்கென்ன?

மறுநாள் பாக்கணுமே! பரிவட்டம், மாலை, மேளம். மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். போட்டோக்காரன் சரியா விழலைன்னான், திரும்ப ஓங்கினேன். கண்ணை மூடிட்டீங்கன்னான், மறுபடியும் ஓங்கினேன். மத்தியானத்துக்குள்ள ஆறு என் வாசல் வழியா கடலைப் பாக்க ஓடுச்சு. மாடியில இருந்து கைதட்டினாங்க சார். அந்த ஒரு நாளுக்காகவே பொறந்த மாதிரி இருந்துச்சு.

பொண்ணு கல்யாணமும் முடிஞ்சுச்சு. அப்புறம் மழை வந்துச்சு. ஆத்துக்கு அந்த வழி புடிச்சுப்போச்சு. மொதல்ல படித்துறை போச்சு. பழைய படித்துறைதானேன்னு விட்டேன். அப்புறம் மதில் போச்சு. காத்தோட்டமா இருக்கும்னு நெனச்சேன். சவுக்குத்தோப்பு போச்சு, மாட்டுக்கொட்டாய் போச்சு. ஒருநாள் காலையில என் சம்சாரம் தில்லையம்மா அடுப்படியில இருந்து கூப்பிடுறா, "இங்க வந்து பாருங்க, சன்னலுக்கு வெளிய கொடுவா மீனு நிக்குது"ன்னு. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? "நல்லதுதானே, இனிமே சந்தைக்குப் போக வேணாம்"னேன். அதுக்குப் போய் கோவிச்சுக்கிட்டா. "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்பாங்க. நீங்க யானையையும் மிஞ்சிட்டீங்க, மண்ணை வாரி அடுத்தவன் வாசல்ல போட்டுட்டீங்க"ங்கறா. பொம்பளைக்கு ஆத்து நெளிவு சுளிவு என்ன தெரியும், சொல்லுங்க.

எதிர்க்கரையைப் பாத்தா முள்ளுக்காட்டுக்கு முன்னாடி மணல் வளந்துக்கிட்டே வருது. இங்க ஒரு முழம் போனா அங்க ஒரு முழம் வருது. என் வாசல்ல மாட்டியிருந்த தேக்குப் பலகை, "தனகோடி இல்லம்"னு செதுக்கினது, அதுவும் போய் அந்த மணல்லதான் ஒதுங்கிச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ரெண்டு குப்பத்துப் பஞ்சாயத்தையும் கூட்டிட்டேன். "அது என் மண்ணு, என் பேரே அங்க கெடக்கு, என் இடத்தை என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க"ன்னேன். பஞ்சாயத்து நாட்டாருங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஒரு பெரியவரு வாயைத் துண்டால மூடிக்கிட்டாரு, இருமல் போல இருக்கு. அப்புறம் தீர்ப்புச் சொன்னாங்க. "மண்ணு உன்னோடதுதான் தனகோடி. அள்ளிக்கிட்டுப் போ. கலிவரதன் தடுக்கக்கூடாது."

தீர்ப்பு என் பக்கம் சார்! கலிவரதன் எழுந்து "தாராளமா அள்ளிக்கட்டும்"னான். அவனால வேற என்ன சொல்ல முடியும்?

அள்ளினேன். தோணி வச்சு, ஆள் வச்சு, சாக்கு சாக்கா அள்ளினேன். இந்தச் செங்கேணிதான் தோணி தள்ளினான். காலையில அங்க அள்ளி, சாயங்காலம் இங்க கொண்டாந்து என் கரையில கொட்டுவோம். மறுநாள் காலையில பாத்தா கொட்டின மண்ணு இருக்காது. எங்க போச்சுன்னு பாத்தா, நேத்து அள்ளின குழியிலயே போய் படுத்துக்கிட்டு இருக்கும். பழகின மாடு கொட்டாய் தேடிப் போற மாதிரி. நானும் விடல, ஆறும் விடல. கலிவரதன் என்ன பண்ணினான் தெரியுமா? மண்ணு அள்ளுற ஆளுங்களுக்குத் தினம் கேப்பங்கூழ் காய்ச்சி அனுப்பினான். அதுல வேணும்னே உப்பு தூக்கலாப் போட்டான். எதிரி வீட்டுக் கூழு, குடிக்காமயும் இருக்க முடியல, நல்ல வெயிலு. தினம் ரெண்டு சொம்பு குடிச்சுட்டுத்தான் திட்டுவேன்.

கடைசியில ஒருநாள் அவனே வந்தான். "சம்பந்தி, எதுக்கு இந்தச் சிரமம்? மண்ணு இங்க இருக்கட்டும், நீங்க இங்க வாங்க"ன்னான். கேட்டீங்களா சார் அந்தத் திமிரை? பொண்ணு குடுத்த வீட்ல போய் மாமனார் சோத்துக்கு உக்காருவானா? ஊரு என்ன சொல்லும்? அன்னிக்கோட அவன்கிட்ட பேச்சை நிறுத்திட்டேன். ஏதாவது சொல்லணும்னா செங்கேணிகிட்ட சொல்லுவேன், செங்கேணி அவன்கிட்ட சொல்லுவான். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னாலும் அப்படித்தான்.

ஆனா ஒண்ணு சார். அது மட்டும்தான் எனக்குத் தாங்கல. அமுதாவுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாசம் வளையல் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரணும் இல்லையா? எங்க கூட்டிக்கிட்டு வர்றது? அடுப்படி இல்ல, கூடம் இல்ல, ஏறுறதுக்குப் படிக்கட்டு இல்ல. ஏணி வச்சு ஏறுற மாடிக்கு வாயும் வயிறுமா இருக்கற புள்ளையைக் கூட்டிக்கிட்டு வர முடியுமா? தில்லையம்மாதான் பாத்திரத்தைக் கட்டிக்கிட்டு அங்க போனா. பேறுகாலம் பாத்துட்டு வர்றேன்னு போனவ திரும்பல. தகப்பன் வீடுன்னு ஒண்ணு இருந்தும் எம் பொண்ணு அடுத்த வீட்ல புள்ளை பெத்துக்கிட்டா. அன்னிக்கி மாடியில உக்காந்து அழுதேன் சார். சொன்னா என்ன வெக்கம்? அழுதேன்.

அப்புறம் என் மாப்பிள்ளை அந்த மணல் மேலயே தனியா ஒரு வீடு போட்டான். நாலு சுவர் எழுப்பி மேல தகரம். அமுதாவும் தில்லையம்மாவும் பேத்தியும் அங்கதான் இருக்காங்க. போட்டதுதான் போட்டான், என் தேக்குப் பலகையைத் துடைச்சு எண்ணெய் பூசி அந்த வீட்டு வாசல்ல மாட்டிட்டான்! காலையில எழுந்து என் மாடியில இருந்து பாத்தா என் பேரு எதிர்க்கரையில தொங்குது. இப்படி ஒரு அவமானம் யாருக்காவது நடந்திருக்குமா? பலகைத் திருடனுங்கன்னு இங்க இருந்தே கத்தினேன். அப்ப வாடை, வடக்கேருந்து எதிர்க்காத்து, போய்ச் சேரல போல. பேத்தி கையை ஆட்டிச்சு.

பேத்திக்கு இப்ப ஓடுற வயசு. தினம் காலையில அந்த மணல்ல ஒரு சிவப்புக் கவுன் ஓடும். பாக்கக்கூடாதுன்னு நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் வெயிலு கண்ணுல அடிக்குது. அதனால மறுபடி இந்தப் பக்கமே திருப்பிட்டேன். வேற காரணம் ஒண்ணும் இல்ல.

இப்ப இன்னிக்கிக் கதைக்கு வர்றேன். நான் வெட்டின முகம் இவ்வளவு நாளாத் திறந்தே கெடந்துச்சு, வெட்ட வேண்டிய வேலையே வரல. இந்தக் கோடையில அடைச்சுக்கிச்சு. நாளைக்கி வெட்டியாகணும். முறை வடகரை, அதுலயும் கலிவரதன். அவன் என்ன பண்ணினான்? பஞ்சாயத்துல எழுந்து, "என் முறையை என் சம்பந்திக்குக் குடுக்கறேன், அவரே தேங்காய் விடட்டும், அவரே வெட்டட்டும்"னுட்டான். கொழுப்பைப் பாத்தீங்களா? ஊரே வாயைப் பொளந்துச்சு. நானும் விடல, "சரின்னு சொல்லுடா"ன்னு செங்கேணிகிட்ட சொல்லிட்டேன். இந்தா, மடியில இருக்கே, இதுதான் அந்தத் தேங்காய். புது வேட்டி ஏன்னு இப்பப் புரியுதா?

வாத்தியாரு நீங்க, கணக்குப் போட்டுப் பாருங்க. நடுவுல வெட்ட முடியாது, இந்தத் திட்டு உக்காந்திருக்கு. ஒண்ணு வடக்க, இல்ல தெக்க. தெக்க ஒதுங்கினா என் மாடியும் மழைக்குத் தாங்காது, போயிடும். வடக்க ஒதுங்கினா ஆறு அந்தப் பக்கம் திரும்பும், அந்த வெள்ளை மணலை எல்லாம் அரிச்சு எடுக்கும், எடுத்துக் கொண்டாந்து என் கரையில போடும். என் மண்ணு எனக்கு வரும். நான் ஒரு பாவமும் பண்ண வேணாம். சோளகம் அடிக்குது, கையை எடுத்தாப் போதும், தானா வடக்க போகும். எத்தனை நாள் இதுக்குக் காத்துக் கெடந்தேன் தெரியுமா?

என்ன கேக்கறீங்க? அந்த வீடா? அது போகும்தான். மணல் மேல கட்டினது, மொத வெள்ளத்துலயே போயிடும். தகரக் கொட்டாய்தானே, வேற எடத்துல போட்டுக்கட்டும். ஆத்தை ஒட்டி எவன் கட்டச் சொன்னான்? நீ எதுக்குடா இருமுற?

அந்தா, போட்டு வந்துடுச்சு. ஓட்டிக்கிட்டு வர்றது யாரு? அந்த ஆளேதான், கலிவரதன். அணியத்துல யாரு அது, சிவப்புக் கவுனு... ஏன்டா செங்கேணி, சின்னப் புள்ளையைப் போயி போட்டு முனையில உக்கார வைப்பாங்களா? புத்தி இருக்கான்னு கேளு. கேளுடா. என்ன சொல்றாரு? "தாத்தாவைப் பாக்கணும்னு அடம்புடிச்சா"வா? சரி, கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லு.

ரெண்டு கரையிலயும் கூட்டம் சேந்துடுச்சு சார். என்னவாம் செங்கேணி? "பொழுது சாயுது, இதுவும் நடு ஆறுதான், இங்கேருந்தே விடுங்க சம்பந்தி. எங்க ஒதுங்கினாலும் எனக்குச் சம்மதம்"ங்கறாரா? கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்கென்ன காதா செவிடு.

சார், நீங்க வெளியூரு. உங்களுக்கு இந்தக் கரையும் இல்ல, அந்தக் கரையும் இல்ல. உங்க கையால இதை விடுங்க. அப்புறம் எவனும் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. மெதுவா... அவ்வளவுதான். தாயே, காப்பாத்து.

போகுது பாருங்க. வடக்கதான். நான் சொல்லல? காத்து அப்படி. போகட்டும், நல்லாப் போகட்டும். என் மண்ணு... புள்ளை எதுக்குக் கைதட்டுது? தேங்காய் தன்னைப் பாக்க வருதுன்னு நெனச்சுக்கிச்சா? அடி கிறுக்கி, அது வந்தா உன் வீடு போயிடும்டி...

செங்கேணி, தோணி தள்ளுற அந்தக் கோலைக் குடு. சும்மா குடுடா, கேள்வி கேக்காத. கொஞ்சம் நகருங்க சார். எட்டல. இன்னும் கொஞ்சம்... ஐயோ!

ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. வழுக்கிடுச்சு. முட்டி வரைக்கும்தான் சேறு. வேட்டி போனாப் போகுது, துவைச்சாப் போகும். இல்லடா, காலெல்லாம் ஆட்டல, சேத்துல இருந்து எடுக்கப் பாக்கறேன். தண்ணி அலம்பத்தான் செய்யும். கோலு அதும்மேல பட்டுதா? நான் பாக்கலயே. நீங்க பாத்தீங்களா சார்? பாக்கலைன்னு சொல்லுங்க.

அட, தேங்காய் தெக்க திரும்பிடுச்சு! போகுது பாருங்க, நேரா என் மாடிக்கு. சோளகத்துலயே தெக்க போகுதுன்னா அது என்ன? நீங்கதான் சாட்சி. எதிர்க்காத்துல எப்படிப் போச்சுன்னு எவனாவது கேட்டா...

என்ன சொல்றாரு அந்த ஆளு? "அம்மன் சித்தம் சம்பந்தி"யா? துண்டை எடுத்து மூஞ்சியை ஏன் துடைச்சுக்கறாரு? தண்ணி தெறிச்சிருக்கும். அன்னிக்கும் இதையேதான் சொன்னாரு, அதே குரல்ல. பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பாரோ? சரி விடு. கயித்தை வாங்கிக் கட்டு செங்கேணி. இல்ல, நீ சொல்ல வேணாம், நானே சொல்லிக்கறேன்.

சம்பந்தி! கூழுல உப்பைக் கொஞ்சம் கொறைச்சுப் போடச் சொல்லுங்க. தினம் அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது.

எதுக்குடா தென்கரைப் பக்கம் திருப்புற? இடியப் போற மாடியில எவன் படுப்பான்? வடக்கயே விடு. சார், ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடறேன், நாளைக்கி ஊர்ல தப்பாப் பேசக்கூடாது. நான் சம்பந்தி வீட்டுக்குப் போகல. அந்தா, தகர வீட்டு வாசல்ல ஒரு பலகை தெரியுது பாருங்க. படிச்ச ஆளுதானே நீங்க? அதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சத்தமாப் படிங்க. ரெண்டு கரைக்கும் கேக்கற மாதிரி.